தீவின் கதை தீவில் இல்லை

1856 ஜூன் 16. மிச்சிகன் ஏரியின் வடபகுதியில் உள்ள பீவர் தீவின் துறையில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று கட்டிக் கிடக்கிறது. கப்பல் தலைவர் வரச் சொன்னதால் ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர் துறையை நோக்கி நடந்து வருகிறார். பின்னாலிருந்து துப்பாக்கிச் சத்தம். சுட்டவர்கள் இருவரும் அவரோடு ஒரு காலத்தில் இருந்து, பிறகு பகைத்துக்கொண்டவர்கள். ஓடிப்போய் அதே கப்பலில் ஏறிக்கொண்டார்கள்.

ஸ்ட்ராங், அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற மதச் சபையில் ஒரு பிரிவுக்குத் தலைவர். அதோடு நிற்காமல் 1850 ஜூலை 8 அன்று, ஒரு குடியரசு நாட்டுக்குள்ளேயே, தன்னை அரசராக முடிசூட்டிக்கொண்டவர். சுடப்பட்ட மூன்று வாரத்தில், விஸ்கான்சினில் இறந்துபோனார். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களிலேயே கரையிலிருந்து படகுகளில் வந்த கும்பல்கள் தீவைச் சூறையாடி, அவருடைய மக்களைக் கப்பல்களில் ஏற்றி ஏரிக்கரை ஊர்களில் இறக்கிவிட்டன. சுமார் 2,600 பேர் என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். உழுத நிலமும் கட்டிய வீடும் போட்டது போட்டபடி கிடந்தன. கொஞ்ச காலத்தில் அயர்லாந்திலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் அங்கே குடியேறின. அவர்களில் பலருக்கு பூர்வீகம் டானிகால் கடலோரத்தில் உள்ள ஆரன்மோர் தீவு. ஒரு தீவை விட்டு இன்னொரு தீவுக்கு வந்தவர்கள்.

சரி, இந்தத் தீவின் வரலாறு இன்றைக்கு எங்கே இருக்கிறது? ஸ்ட்ராங்கின் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் பெரிய அளவில் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவரே தீவின் இயற்கை வளம் பற்றி எழுதிய ஒரு குறிப்பு, வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பழைய ஆண்டறிக்கை ஒன்றில் அச்சாகியிருக்கிறது. விரட்டப்பட்டவர்களின் நினைவுகள் அவரவர் போய்ச் சேர்ந்த ஊர்களோடு கலந்துவிட்டன. வந்து குடியேறியவர்களுக்கு வீடு கிடைத்தது, அந்த வீட்டின் கதை கிடைக்கவில்லை. தீவில் மிஞ்சியது அவர் செய்தித்தாள் அச்சடித்த கட்டடமும், ‘கிங்ஸ் ஹைவே’ என்று இன்றும் வழங்கும் ஒரு சாலைப் பெயரும், இன்னும் சில்லறையாகக் கொஞ்சமும்தான்.

தீவு என்றதும் நாலு பக்கமும் தண்ணீர், உள்ளே இருப்பது உள்ளேயே பத்திரமாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஏரித் தீவுகளில் நடப்பது நேர்மாறு. பதிவு செய்கிற அலுவலகம் கரையில், நீதிமன்றம் கரையில், மேல்படிப்பு கரையில், பிரசவமும் பல நேரம் கரையில். ஒரு குடும்பம் தீவை விட்டுப் போகும்போது பெட்டியில் முதலில் வைப்பது பத்திரங்களையும் படங்களையும்தான். ஆக, ஒரு ஏரித் தீவின் வரலாற்றைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு முதல் வேலை தீவுக்கு வெளியே இருக்கிறது. எது எந்தக் கரையில் ஒதுங்கியிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அசல் வராவிட்டாலும் நகலையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இது பீவர் தீவின் தனிக் கதை இல்லை. ஜெர்மனியில், கான்ஸ்டன்ஸ் ஏரியில் ரைஷனாவ் என்று ஒரு தீவு. 724-ல் பிர்மின் என்ற துறவி அங்கே மடம் கட்டினார். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் அந்த மடத்தில் எழுதி வண்ணம் தீட்டிய ஏடுகள் ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஏடுகளில் சேரும். 2003-ல் யுனெஸ்கோ அவற்றில் பத்தை ‘உலக நினைவு’ப் பட்டியலில் சேர்த்தது. அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மியூனிக், பாம்பெர்க், ட்ரியர் என்று ஊர் ஊராகப் போக வேண்டும். பல ஏடுகள் அந்தக் காலத்திலேயே பெரிய பதவியில் இருந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக எழுதியவை. மடத்து நூலகத்தில் மிஞ்சியிருந்தது 1803-க்குப் பிறகு, மடங்களின் சொத்து அரசுகளின் கைக்குப் போனபோது, கார்ல்ஸ்ரூவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2024-ல் மடத்தின் 1,300-ஆவது ஆண்டுக்குப் பெரிய கண்காட்சி வைத்தார்கள். அதைக்கூட முக்கியமாக நடத்தியது எதிரே உள்ள கான்ஸ்டன்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில்தான்.

இதற்காகக் கரையைத் திட்டிப் பயனில்லை. ஈரக்காற்று, எலி, விறகடுப்பு, மரக்கூரை என்று ஒரு தீவு வீட்டில் காகிதத்துக்கு எதிரிகள் நிறைய. கரைக்குப் போனதால்தான் பல காகிதங்கள் பிழைத்தன. ஆனால் பிழைத்தது தீவுக்காரர் கண்ணில் படாமல் இருந்தால், அது அவர்களைப் பொறுத்தவரை தொலைந்ததற்குச் சமம்.

காகிதத்தில் ஏறாத பகுதி ஒன்று இருக்கிறது. அதுதான் பெரிது, அது தீவில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடித்தவர்களில் சிலர் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். ரஷ்யாவில் பாவெல் ரிப்னிகோவ் என்பவரை அரசு ஒனேகா ஏரிக்கரையில் உள்ள பெட்ரோசவோட்ஸ்க் நகருக்கு நாடு கடத்தியிருந்தது. அங்கே புள்ளிவிவரம் சேகரிக்கும் உத்தியோகம். 1860-ல் படகில் போகும்போது காற்று மோசமாகி, ஷூய்-நவலோக் என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்க வேண்டியதாயிற்று. குளிர். தேநீர் காய்ச்சிக் குடித்துவிட்டுத் தீப்பக்கமாகப் படுத்துத் தூங்கிவிட்டார். விழிப்பு வந்தபோது, அவரைப் போலவே காற்றுக்கு ஒதுங்கிய குடியானவர்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒரு கிழவர் ஏதோ பாடிக்கொண்டிருக்கிறார். கேட்டால், பழைய வீரகதைப் பாட்டு. மக்கள் வாயிலிருந்து மறைந்துகொண்டிருப்பதாகப் படித்தவர்கள் நினைத்திருந்த பாட்டு. ரிப்னிகோவ் அங்கிருந்து தேடத் தொடங்கி, நாலு தொகுதி அளவுக்குச் சேர்த்து அச்சிட்டார். காற்று சாதகமாக வீசியிருந்தால் அவர் புள்ளிவிவரத்தோடு ஊர் திரும்பியிருப்பார்.

பீவர் தீவுக்கும் அப்படி ஒருவர் வந்தார், ஆனால் திட்டமிட்டு. 1938-ல் ஆலன் லோமாக்ஸ் என்ற இளைஞர், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலித்தட்டு வெட்டும் கருவியை எடுத்துக்கொண்டு மிச்சிகன் முழுக்கச் சுற்றியபோது தீவுக்கும் போனார். ஐரிஷ் மீனவர்களின் வாரிசுகள் பாடினார்கள். அயர்லாந்திலிருந்து வந்த பாட்டு, மரம் வெட்டும் முகாம்களில் கற்ற பாட்டு, ஏரியில் மூழ்கிப்போன உள்ளூர்ப் பையன்களைப் பற்றித் தீவிலேயே கட்டிய பாட்டு. அந்தத் தட்டுகளும் கரைக்குத்தான் போயின, வாஷிங்டனுக்கு. பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் குரலைக் கேட்க நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது நூலகம் அவற்றை மின்வடிவாக்கிவிட்டது.

லோமாக்ஸைக் குறை சொல்வதற்கில்லை. அவர் பாட்டுக்காக வந்தார், பாட்டை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் எந்த மாதத்தில் எந்த ஆழத்தில் வலை போட வேண்டும், கரையில் எந்த மரத்தையும் எந்தக் கூரையையும் ஒரே கோட்டில் பார்த்துத் துறைக்குள் நுழைய வேண்டும் என்பதெல்லாம் பாட்டில் வராது. அதைக் கேட்க உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும், அதுவும் வருஷக்கணக்கில் கூடவே இருப்பவர். 1957-ல் தீவுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு வரலாற்றுச் சங்கம் வைத்ததன் முக்கியத்துவம் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்ட்ராங்கின் அச்சகக் கட்டடம் இப்போது அந்தச் சங்கத்தின் அருங்காட்சியகம். வலை உலர்த்திச் செப்பனிட்ட 1906-ஆம் ஆண்டுக் கொட்டகை ஒன்று மீன்பிடி, கப்பல் சம்பந்தப்பட்ட இன்னொரு அருங்காட்சியகமாகியிருக்கிறது.

சுப்பீரியர் ஏரியில் உள்ள மேடலின் தீவிலும் ஏறக்குறைய அதே காலம்தான். 1958-ல் திறந்த அருங்காட்சியகத்தைப் புதிதாகக் கட்டவில்லை. தீவிலிருந்த நாலு பழைய மரக்கட்டடங்களைக் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்த்தார்கள். அதில் ஒன்று பழைய சிறை. கட்டடமே காட்சிப்பொருள் என்பதால் உள்ளே பொருள் குறைவாக இருந்தாலும் கவலை இல்லை.

பேட்டி எடுக்கும் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலான முயற்சிகள் சறுக்குவது இங்கேதான். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து “உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? “அதில் சொல்ல என்ன இருக்கிறது” என்பார்கள். கேள்வி கேட்பதற்குப் பதிலாக ஒரு பழைய படத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். துறையில் பத்துப் பேர் நிற்கும் மங்கிய படம். முதலில் முகங்களைப் பார்க்கமாட்டார்கள், படகைப் பார்ப்பார்கள். “இது அவனுடையது இல்லை, வாங்குவதற்கு முன்னால் எடுத்தது” என்று தொடங்குவார்கள். யாரிடமிருந்து வாங்கினான், ஏன் விற்றான், விற்றவன் எங்கே போனான் என்று கதை தானாக நீளும். அதேபோல ஒரு பெரிய வரைபடத்தை விரித்து, கையில் பென்சிலைக் கொடுத்துவிடலாம். அச்சடித்த வரைபடத்தில் இல்லாத இருபது பெயர்கள் அரை மணி நேரத்தில் ஏறிவிடும். எந்தப் பாறை, எந்தத் திருப்பம், யாருடைய பழைய தோட்டம் என்று.

படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் நகலெடுக்க வேண்டும். “நான், அவள், புதுப் படகு” என்று பென்சிலில் எழுதியிருக்கும். யார் அந்த ‘நான்’ என்பது ஆல்பத்தின் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்வரைதான் தெரியும். இந்த வேலையில் அவசரம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். கட்டடத்தை அடுத்த வருஷம் செப்பனிடலாம், ‘நான்’ யார் என்பதை அடுத்த வருஷம் கேட்க முடியாமல் போகலாம்.

பெயர்களில் இன்னொரு சிக்கல். தீவு என்றால் நாலைந்து குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். பீவர் தீவில் காலகர் என்றும் பாயில் என்றும் ஓடானல் என்றும் தேடினால் பட்டியல் பாதி வந்து நிற்கும். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊரில் ஆளைப் பிரித்துச் சொல்வது பட்டப்பெயர்தான். அப்பா பெயரைச் சேர்த்தோ, தலைமயிரின் நிறத்தை வைத்தோ, ஓட்டிய படகை வைத்தோ அழைப்பார்கள். கரையில் இருக்கும் காப்பகத்துக்காரர் பட்டியல் போடும்போது பட்டப்பெயரை விட்டுவிட்டு அதிகாரப்பூர்வப் பெயரை மட்டும் எழுதுவார். அந்தப் பட்டியல் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் தீவுக்காரருக்கு உதவாது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இன்றைய கைபேசியே போதும். ஒலிவாங்கியைப் பேசுபவருக்குப் பக்கத்தில் வைத்து, குளிர்பதனப் பெட்டியின் இரைச்சலை நிறுத்திவிட்டுத் தொடங்கினால் சரி. நிறுத்தியதை மறுபடி போட மறக்கக்கூடாது, மீன் கெட்டுப்போகும். ஒலியைச் சுருக்காத வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வைப்பது காப்பகங்கள் ஏற்றுக்கொண்ட குறைந்தபட்சம். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்றாவது தீவுக்கு வெளியே. இந்த இடத்தில் மட்டும் கரை நல்ல நண்பன்.

தடயம் எதையும் விட்டுப்போகாத வரலாறும் ஒன்று உண்டு. மேடலின் தீவுக்கும் பேஃபீல்ட் ஊருக்கும் நடுவே, ஏரி நன்றாக உறையும் குளிர்காலங்களில் பனிமேல் சாலை விழுகிறது. வழி தெரிவதற்காக, பண்டிகை முடிந்து எறியும் கிறிஸ்துமஸ் மரங்களை இருபுறமும் நட்டு வைப்பார்கள். காரும் லாரியும் போகும். பனி மெலிந்து கார் போக முடியாத, ஆனால் படகும் போக முடியாத நாட்களில், காற்றாடி வைத்துத் தள்ளும் ஒரு சறுக்கு வண்டி பிள்ளைகளைக் கரையில் உள்ள பள்ளிக்குக் கொண்டுபோகும். வசந்தம் வந்தால் சாலை தண்ணீரோடு தண்ணீர். இதை எந்த அருங்காட்சியகத்தில் வைப்பது? ஆனால் படகு என்றைக்கு நின்றது, என்றைக்கு மறுபடி ஓடியது என்பதை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். பேஃபீல்டில் 1857 வரை பின்னோக்கிப் போகும் அந்தத் தேதிகளை வைத்து, அங்கே பனிக்காலம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்று ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது. படகு ஓட்டியவர்கள் பருவநிலை ஆராய்ச்சிக்காகவா எழுதினார்கள்? வியாபாரக் கணக்குக்குத் தேவையான தேதிகள், அவ்வளவுதான். அதனால்தான் கடை நோட்டு, படகு நோட்டு, பள்ளி வருகைப் பதிவேடு மாதிரியான சாதாரணக் கணக்குகளை எடைக்குப் போட விடக்கூடாது.

தண்ணீர் மட்டமும் ஒரு பதிவேடுதான். ஆர்மீனியாவின் செவான் ஏரியில் 874-ல் மடம் எழுந்த இடம் அன்றைக்குத் தீவு. சோவியத் காலத்தில், 1930-களிலிருந்து, மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் தண்ணீரை இறக்கியதில் ஏரி இருபது மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. தீவு கரையோடு ஒட்டிக்கொண்டு தீபகற்பமாகிவிட்டது. இன்று காரிலேயே அடிவாரம்வரை போகலாம். அங்கே படகில் போய்வந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்பது இனிப் பழைய படங்களிலும் எழுத்திலும் மட்டும்தான்.

பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரியில் உள்ள டக்கிலே தீவுக்காரர்கள் பதிவை இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். அகலமான நெய்த பட்டை ஒன்று, உழவு, சடங்கு என்று வருஷத்தின் சுழற்சியைச் சின்னங்களாகக் காட்டுகிறது. அதை நாள்காட்டிப் பட்டை என்றே சொல்கிறார்கள். அந்தத் தீவின் நெசவுக் கலையை 2005-ல் யுனெஸ்கோ மனிதகுல மரபாக அறிவித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டையை வைத்துவிட்டால் காப்பாற்றியதாக ஆகாது. அதை நெய்யத் தெரிந்த கையும் வாசிக்கத் தெரிந்த கண்ணும் இருக்கும்வரைதான் அது பதிவு. டக்கிலேயில் பெரியவர்களும் சின்னவர்களும் இன்னும் நெய்கிறார்கள், பின்னுகிறார்கள். அதனால் அங்கே காப்பகத்தின் வேலையில் பாதியைத் தறி செய்துவிடுகிறது.

பகிர்ந்துகொள்வதில் ஒரு தொல்லை இருக்கிறது. கோடையில் வந்து போகும் விருந்தாளிக்கு ராஜா கதை வேண்டும். பீவர் தீவைப் பற்றி எந்தப் பயணக் கட்டுரையை எடுத்தாலும் ஸ்ட்ராங்தான், அவருடைய ஐந்து மனைவியர்தான். அவர் தீவில் கோலோச்சியது பத்து வருஷம்கூட இல்லை. அதற்குப் பிறகு வந்த ஐரிஷ்காரர்கள் பல தலைமுறைகளாக மீன் பிடித்து, தாங்கள் கொண்டுவந்த மொழியை இருபதாம் நூற்றாண்டுவரை பேசி, கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி ஏரிகளுக்குள் புகுந்து டிரவுட் மீனைத் தின்று தீர்த்ததில் தொழில் இழந்து நின்றார்கள். அந்தக் கதையில் முடிசூட்டு விழா இல்லை, அதனால் பலகை வைப்பார் குறைவு. வருமானம் விருந்தாளியிடமிருந்து வருகிறது என்பதால் சங்கங்களும் ராஜாவை முன்னால் நிறுத்தத்தான் வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், ராஜாவை வாசலில் வைத்துக்கொள்ளட்டும், உள் அறையை மீனவர்களுக்குக் கொடுக்கட்டும்.

சின்ன ஊரில் எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடவும் முடியாது. ஒரு பேட்டியில் ஒருவர் எல்லைத் தகராறைப் பற்றிச் சொன்னால், எதிராளியின் பேரன் பக்கத்து வீட்டில் இருப்பான். அதனால் பேட்டிக்கு முன்னாலேயே எழுத்தில் சம்மதம் வாங்கி, எது இப்போதே வெளியே போகலாம், எது இருபது வருஷம் கழித்து, எது குடும்பத்துக்குள் மட்டும் என்று சொல்பவரே பிரித்துக்கொள்ள விட வேண்டும். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு என்ற பூர்வகுடி மக்களோடு சேர்ந்து உருவான ‘முகுர்த்து’ என்ற இலவச மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகத்தின் வழக்கப்படியே அதில் அமைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஸ்ட்ராங்குக்கும் முன்னால் யார் இருந்தார்கள் என்ற கேள்வி வருகிறது. பீவர் தீவும் அதைச் சுற்றியுள்ள சிறு தீவுகளும் ஒடாவா என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த இடம். பக்கத்தில் உள்ள கார்டன் தீவில் இன்று ஊர் கிடையாது, காடுதான். காட்டுக்குள்ளே அவர்களுடைய பழைய இடுகாடு இருக்கிறது. சில கல்லறைகளின் மேல் முழங்கால் உயரத்துக்குச் சிறிய மரவீடுகள், கூரையோடு. போய்ச் சேர்ந்தவரின் ஆவிக்காகக் கட்டியவை. அவை உளுத்து, சாய்ந்து, மண்ணோடு போவதுதான் வழக்கம். அச்சகத்துக்குப் புதுக் கூரை போட்ட கையோடு இந்த வீடுகளுக்கும் வண்ணம் பூசி வேலி போடலாம் என்று ஆர்வக்கோளாறில் யாருக்காவது தோன்றலாம். அதைச் செய்யலாமா, அந்த இடத்தைப் படம் எடுக்கலாமா, வரைபடத்தில் எவ்வளவு துல்லியமாகக் குறிக்கலாம் என்பதை வரலாற்றுச் சங்கம் முடிவு செய்ய முடியாது. ஒடாவா குடும்பங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம், மிச்சிகன் கரையில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.